பக்கக் கம்பி

லியெபாயாவில் முதலில் நேர்காணல் செய்வது காற்று.
வாடிக்கையாளர் அப்புறம்தான்.
டிராமிலிருந்து மருத்துவமனை வாசல் சேர்வதற்குள்
வாரிய தலை வாராத தலை ஆயிற்று.
ஈரக் காலணி. கோப்பில் பதினொரு பக்கம்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூவர்:
இமந்த்ஸ், நிதிப் பிரிவு.
அவுஸ்த்ரா, செவிலியர் தலைமை.
பெயர் சொல்லாத வழக்கறிஞர்.
சுவரோரம் ஹீட்டரை ஒட்டி
நான்காவதாக ஒருவர், நீலச் சட்டை,
என்னைவிடச் சின்ன வயது,
மடியில் கையுறை.
அவரை யாரும் அறிமுகப்படுத்தவில்லை.

பழைய பிரசவப் பிரிவைப்
புதுக் கட்டடத்துக்கு மாற்ற வேண்டும்.
இருநூற்றுப் பத்து மீட்டர் தூரம்.
ஒன்பது மாதம் தருகிறோம் என்றார் இமந்த்ஸ்,
சிரிக்காமல்.

"உங்கள் அனுபவம், வெல்கா?"
பதினான்கு வருடம் என்றேன்.
அதில் பாதி
பதில் வராத மின்னஞ்சலுக்குக் காத்திருந்தது.
அதைச் சொல்லவில்லை.

"உங்கள் அணுகுமுறை?"
டிராமில் ஒத்திகை பார்த்த வாக்கியம்
நாக்கு நுனியில் தயாராக நின்றது.
கட்டம் கட்டமாக. வாரம் ஒரு சந்திப்பு.
சிவப்பு, மஞ்சள், பச்சை.
சொன்னேன். அழகாகத்தான் இருந்தது.
ஏட்டுச் சுரைக்காயும் பச்சைதானே.
அவுஸ்த்ரா பேனா மூடியைத்
திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

"ஆபத்துகளை எப்படிக் கணிப்பீர்கள்?"
நடக்கும் வாய்ப்புக்கு ஒரு கட்டம்,
நடந்தால் சேதத்துக்கு ஒரு கட்டம்,
பெருக்கினால் எண் வரும் என்றேன்.
எண் இமந்த்ஸுக்குப் பிடித்திருந்தது.

"தோற்றுப்போன திட்டம் ஏதாவது?"
அதற்கும் ஒரு பதில் தைத்து வைத்திருந்தேன்,
தோல்விபோலத் தொடங்கி
கடைசி வரியில் வெற்றியாகிவிடும் கதை.
வாயைத் திறந்தால்
வெந்த்ஸ்பில்ஸ் வந்தது.

வெந்த்ஸ்பில்ஸில் ஒரு முதியோர் இல்லம்.
எல்லாக் கட்டமும் பச்சை.
நாள் பிசகவில்லை, பணம்கூட மிஞ்சியது.
குடியேறும் காலை, முதல் கட்டில்
மின்தூக்கி வாசலில் நின்றுவிட்டது.
நாலு சென்டிமீட்டர்.
கட்டிலை அளந்திருந்தோம். மின்தூக்கியை அளந்திருந்தோம்.
பக்கக் கம்பியை யாரும் அளக்கவில்லை;
வரைபடத்தில் அது மடங்கியே கிடந்தது.
கட்டிலில் ஹெர்பெர்ட்ஸ்,
ஒரு காலத்தில் கப்பல்களைத் துறைமுகத்துக்குள் நடத்தியவர்.
"பின்னால் எடு, இடது, இன்னும் இடது"
என்று படுத்தபடியே ஆணையிட்டார்.
நாங்களும் கேட்டோம். நுழையவில்லை.
கம்பியை இறக்கினால் அவர் விழுவார்.
இரண்டு மணி நேரம் நடைக்கூடத்தில்,
கண்ணாடி பொருத்தாத ஜன்னலுக்குக் கீழே.
நெஞ்சில் சளி கட்டியது.
பிழைத்துக்கொண்டார்.
அறிக்கையில் நான் எழுதியது:
சிறு தாமதம்.

அறையில் ஹீட்டர் மட்டும் பேசியது.
வழக்கறிஞர் எதையும் எழுதவில்லை;
எழுதாமல் இருப்பதும் அவர் தொழிலில் ஒரு குறிப்புதான்.

நீலச் சட்டைக்காரர் கேட்டார்:
"அந்தக் கம்பியைப் பற்றி
யாருக்காவது முன்பே தெரிந்திருந்ததா?"

தெரிந்திருந்தது என்றேன்.
தரை துடைக்கும் பெண்ணுக்கு.
தினமும் அவள் முழங்கையை அதில்தான் இடித்துக்கொள்வாளாம்.
முப்பத்தெட்டுக் கூட்டம் நடத்தினேன்,
ஒன்றுக்கும் அவளைக் கூப்பிடவில்லை.

அவர் கையுறையைப் புரட்டினார்.
"இங்கே சலவை வண்டி மூன்று.
நடு வண்டி எப்போதும் இடப்பக்கம் இழுக்கும்.
புதுக் கட்டடத்தின் சாய்தளமும்
இடப்பக்கம்தான் சரிகிறது."

பதினொரு பக்கத்தையும் கவிழ்த்தேன்.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.
வண்டி, மூன்று, என்று எழுதினேன்.

"உங்களுக்குக் கேள்வி ஏதாவது?"
என்று கடிகாரத்தைப் பார்த்தார் இமந்த்ஸ்.
நாற்காலியைத் திருப்பிப் போட்டு
நீலச் சட்டையிடம் பெயர் கேட்டேன்.
ஓயார்ஸ்.
வண்டியைப் பார்க்கலாமா?

முடிவை வியாழக்கிழமை சொல்வார்களாம்.
இன்று செவ்வாய்.
அடித்தளத்தில் சோப்பு ஆவி, ஒழுகும் குழாய்.
அவுஸ்த்ராவும் ஏனோ கூடவே இறங்கி வந்தாள்.
ஓயார்ஸின் அளவுநாடாவை வாங்கி
மண்டியிட்டு அளந்தேன்.
அறுபத்தெட்டரை என்றேன்.

"கைப்பிடியோடா," என்றார் அவர்,
"கைப்பிடி இல்லாமலா?"